ஐயவினாவும் கணக்கும்: மேனிலை மாணவர்க்கும் உதவுவோர்க்கும் ஒரு தமிழாசிரியன் கூறுவன

முன்னுரை

கணக்கையும் இயற்பியலையும் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதத் தமிழாசிரியன் ஒருவனுக்கு என்ன உரிமை உண்டு என்று கற்றறிந்த பெருமக்கள் வினவலாம். அவ்வினா நேரியதே. ஆயினும் மேனிலைப் பள்ளியில் நானும் கணிதப் பிரிவு மாணவனாக இருந்தவன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வில் தேறினேன். அறிந்து தேறினேன் என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை. துணைநூலில் அச்சிட்டிருந்த விடைகளை நெட்டுருச் செய்து எழுதினேன். விளங்காத இடங்கள் நூறு இருந்தன. அந்த இரண்டாண்டில் எழுந்து கேட்ட வினா ஒன்றே ஒன்று. "இதுகூடத் தெரியாமலா இந்தப் பிரிவில் சேர்ந்தாய்?" என்னும் விடையே கிடைத்தது. வகுப்பு சிரித்தது. அதன்பின் நான் வாய் திறக்கவில்லை.

தமிழை விரும்பியே ஏற்றேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. எனினும் அன்று என்னைத் தடுத்தது அறிவின்மை அன்று, கேளாமையே என்பதைப் பின்னாளில் நன்னூல் கற்பிக்கும்போது உணர்ந்தேன். வினா என்றால் என்ன, விடை என்றால் என்ன என்று நம் இலக்கணிகள் ஆராய்ந்து வைத்திருப்பது, கடினமான கணக்கின்முன் திகைத்து நிற்கும் பதினேழு வயது மாணவனுக்கும் மாணவிக்கும் இன்றும் பயன்படும். கடினமான கணக்கில் உதவி பெறுவது எவ்வாறு, உதவுவது எவ்வாறு, அதற்கு ஊர் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறு வகை வினா

பவணந்தி முனிவர் வினாவினை ஆறாக வகுத்தார். விடையை அறிந்தவன் பிறனை அறிவிக்கவோ சோதிக்கவோ கேட்பது அறிவினா. அறியாதவன் அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று இரண்டிடை நின்று கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் பொருள் வாங்கும் பொருட்டுக் கேட்பது கொளல்வினா. கொடுக்கும் பொருட்டுக் கேட்பது கொடைவினா. ஒரு செயலைச் செய்யுமாறு ஏவும் பொருட்டுக் கேட்பது ஏவல்வினா.

இவற்றுள் மாணவர் பெரும்பாலும் கேட்பது எது? "சார், இந்தக் கணக்கு வரவில்லை, போட்டுக் காட்டுங்கள்" என்பர். அறியாவினாப் போலத் தோன்றினும் இஃது உண்மையில் கொளல்வினாவே. என் தந்தையார் மளிகைக் கடை வைத்திருந்தார். "துவரம் பருப்பு இருக்கிறதா?" என்று கேட்டு வருவோர்க்குப் பருப்பு எங்கே விளைந்தது, எப்படி உடைக்கப்பட்டது என்பது வேண்டியதில்லை. பொட்டலம் கைக்கு வந்தால் போதும். விடையை இவ்வாறு பொட்டலமாக வாங்கிச் செல்லும் மாணவன் வீட்டுப்பாட ஏட்டை நிரப்பிவிடுகிறான். தேர்வில் எண்களைச் சற்றே மாற்றிக் கேட்டால் மீண்டும் கடைக்கு வரவேண்டியவனாகிறான். நன்னூலார் மாணாக்கர்க்குக் கூறும் உவமைகளுள் கிளி இடைமாணாக்கர்க்கு உரியது. சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும். அதற்கு மேல் சொல்லாது. துணைநூலை நெட்டுருச் செய்த நான் அக்கிளியே.

அறியாவினா கொளல்வினாவினும் மேலானது. ஆயினும் அது பரந்தது. "சுழல் இயக்கம் புரியவில்லை" என்று ஒரு மாணவி கூறினால், கேட்கும் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவார்? நாற்பது நிமிடப் பாடவேளையில் பாடத்தை முழுதும் மீண்டும் நடத்த இயலாது. எனவே அவர் பொதுப்பட ஏதேனும் கூறுவார். அவளும் பொதுப்படத் தலையசைப்பாள்.

ஐயவினாவோ கூரியது. "இங்கே உராய்வு விசை சாய்தளத்தின் மேல்நோக்கியா, கீழ்நோக்கியா?" என்று கேட்பவள் பாதி வழி வந்துவிட்டாள். இரண்டு வழிகளையும் கண்டிருக்கிறாள். எதில் செல்வது என்பதே அறியாதாள். இதற்கு விடைகூற இரண்டு நிமிடம் போதும். அவ்விரண்டு நிமிடத்தில் அவள் பெறுவது நாற்பது நிமிடத்தில் பெறுவதினும் மிகுதி. ஆகவே உதவி பெறும் கலையை ஒரு தொடரில் கூறுவதாயின், அறியாவினாவை ஐயவினாவாக மாற்றிக்கொண்டு செல்லும் கலை எனலாம்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

அவ்வாறு மாற்றுவதற்குச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் காண வேண்டும். கணக்கு வராமைக்குரிய இடங்கள் பொதுவாக மூன்று. வினாவின் மொழி விளங்காமை ஒன்று. கருத்து விளங்காமை மற்றொன்று. கருத்து விளங்கியும் செய்கையில் பிழைபடுதல் மூன்றாவது. மூன்றாவதனைக் கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துத் தாமே திருத்திக்கொள்ளலாம். இரண்டாவதற்குப் பாட ஆசிரியர் வேண்டும். முதலாவதுதான் பலராலும் கவனிக்கப்படாதது. அங்கேதான் தமிழாசிரியனுக்கும் சிறிது வேலை உண்டு.

அந்த 'வேலை' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தலையில் மூட்டையுடன் சமதளத்தில் ஒரே சீராக நடக்கும் தொழிலாளி வியர்வை சிந்த வேலை செய்கிறார் என்பது உலக வழக்கு. இயற்பியல் வழக்கிலோ, அவர் மூட்டையை மேல்நோக்கித் தாங்கும் விசை செய்த வேலை சுழி. விசை மேல்நோக்கியும் இடப்பெயர்ச்சி கிடைமட்டமாகவும் இருப்பதே காரணம். 'வேகம்' என்பதும் 'திசைவேகம்' என்பதும் அத்தகையன. 400 மீட்டர் வட்டப்பாதையை 80 வினாடியில் ஒருமுறை சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வந்தவனின் சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டர். சராசரித் திசைவேகமோ சுழி. 'நிறை', 'எடை' என்னும் இரண்டும் கடைத்தெருவில் ஒன்றே. பாடநூலில் 60 கிலோகிராம் என்பது நிறை. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால் 600 நியூட்டன் என்பது எடை. வினாடிக்கு வினாடி 2 மீட்டர் என்னும் முடுக்கத்துடன் மேலேறும் மின்தூக்கியினுள் அம்மனிதர் எடைபார்க்கும் கருவிமேல் நின்றால், கருவி அவரைத் தாங்கும் விசை 720 நியூட்டன். நிறை மாறவில்லை, கருவியின் அளவு மாறியது. இச்சொற்களை வேறுபடுத்தி அறியாதவர்க்குச் சூத்திரம் தெரிந்தும் பயனில்லை.

கணக்கில் எதிர்மறைச் சொற்கள் செய்யும் குழப்பம் பெரிது. மூன்று பகடைகளை உருட்டும்போது குறைந்தது ஒன்றிலாவது ஆறு விழுவதற்கான நிகழ்தகவு யாது என்பது வினா. ஒரு பகடைக்கு ஆறில் ஒன்று; மூன்றுக்கு ஆறில் மூன்று; ஆகவே பாதி என்று பலர் விடை எழுதுவர். விடை பிழை என்பதைச் சூத்திரம் ஏதுமின்றியே காட்டலாம். அம்முறைப்படி ஆறு பகடை உருட்டினால் ஆறு விழுவது உறுதி என்றாக வேண்டும். ஏழு உருட்டினால் உறுதியினும் மிகுதியாக வேண்டும். அப்படி ஒன்று உலகில் இல்லை. 'குறைந்தது ஒன்று' என்பதன் மறுதலை யாது? 'ஒன்றுகூட இல்லை' என்பதே. ஒன்றிலும் ஆறு விழாமைக்கு 5/6 ஐ மும்முறை பெருக்க 125/216 கிடைக்கும். அதனை ஒன்றிலிருந்து கழிக்க 91/216. பாதி என்பது 108/216 ஆதலின் முதல் விடை மிகைபட்டது தெளிவாகும். இங்கே கணக்கின் திறவுகோல் ஓர் எதிர்மறைச் சொல்லில் இருந்தது. 'எல்லாம் அல்ல' என்பதற்கும் 'எதுவும் அல்ல' என்பதற்கும் உள்ள வேற்றுமையை அறிந்த மாணவனே இதனை எளிதில் காண்பான்.

தமிழ்வழியில் பத்தாம் வகுப்புவரை படித்து மேனிலையில் ஆங்கிலவழிக்கு மாறுவோர் இவ்விடத்தில் இருமடங்கு இடர்ப்படுகின்றனர். அவர்களுக்கு நான் கூறுவது: இரு மொழிப் பாடநூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வினாவை ஒருமுறை உங்கள் சொந்தத் தமிழில் எழுதிப் பாருங்கள். 2021 முதல் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையே தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுத இடமளிக்கப்பட்டது. தாய்மொழியில் சிந்திப்பது தாழ்வன்று.

ஒரு மாலை நேரப் பாடம்

என் தமக்கையின் மகள் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். அவள் தம்பி நாள்தோறும் மாலையில் மிதிவண்டியில் தனிவகுப்புக்குச் செல்வான். மதிப்பெண் இவளுக்கே மிகுதி. ஆயினும் இருட்டிய பின் நகரின் மறுகோடிக்குப் பெண்பிள்ளையை அனுப்ப வீட்டில் மனம் வரவில்லை. ஒருநாள் நான் சென்றிருந்தபோது ஏட்டில் ஏதோ அழித்துக்கொண்டிருந்தாள்.

வினா இது: ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் செங்குத்தாக மேல்நோக்கி எறியப்பட்ட கல் 5 வினாடியில் தரையை அடைகிறது, கட்டடத்தின் உயரம் யாது? அவள் சூத்திரத்தில் எண்களை இட்டிருந்தாள். 20 ஐ 5 ஆல் பெருக்க 100. பாதியை 10 ஆலும் 25 ஆலும் பெருக்க 125. கழித்தால் குறை 25. துணைநூலில் விடை 25 என்று இருந்தது. ஆகவே குறைக்குறியை மட்டும் அழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா அழிக்கிறாய்?" என்றேன்.

"உயரம் எப்படி மாமா குறையாகும்? எங்கேயோ தப்பு. விடை சரியாகத்தான் வருகிறது, குறி மட்டும்தான்."

"யாரிடமாவது கேட்டாயா?"

"இதைப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்."

முப்பதாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்திற்கு முன் நான் கேட்ட சிரிப்பு என் காதில் மீண்டும் ஒலித்தது. கணக்கை விளக்கும் அளவுக்கு இயற்பியல் எனக்கு நினைவில் இல்லை. எனவே தமிழாசிரியனாகவே வினவினேன்: "எந்தப் பக்கத்தை நீ கூட்டல் என்று கொண்டாய்?"

"மேல்பக்கம். கல்லை மேலேதானே எறிகிறார்கள்."

"அந்த 25 யாருடையது? கட்டடத்தின் உயரமா, கல்லின் இடப்பெயர்ச்சியா?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கல் கிளம்பிய இடத்திற்குக் கீழே போய் நிற்கிறது. அதனால்தான் குறையா?" என்றாள். அதன்பின் நான் கேளாமலேயே வேறொரு வழியிலும் செய்து பார்த்தாள். கல் 2 வினாடி மேலேறும். 20 மீட்டர் உயரும். எஞ்சிய 3 வினாடி கீழே விழும். 45 மீட்டர் இறங்கும். 45 இலிருந்து 20 ஐக் கழிக்க 25. இரு வழியும் ஓரிடத்தில் வந்து கூடின. அழித்த குறியைத் தானே மீண்டும் எழுதினாள்.

அவள் அழித்தது பிழையை அன்று, விடையின் பாதியை. 'உயரம் எப்படிக் குறையாகும்?' என்பது மிகச் சிறந்த ஐயவினா. அது கேட்கப்படாமலேயே அழிரப்பருக்கு இரையாக இருந்தது. நம் பிள்ளைகளின் ஏடுகளில் இவ்வாறு அழிக்கப்பட்ட வினாக்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

கேட்குமுன் செய்யத்தக்கன

அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த ஜார்ஜ் போல்யா என்னும் கணித அறிஞர் 1945 இல் வெளியிட்ட நூலொன்றில் கணக்குத் தீர்க்கும் முறையை நான்கு படிகளாக வகுத்தார். வினாவைப் புரிந்துகொள்ளல், வழியைத் திட்டமிடல், திட்டத்தை நிறைவேற்றல், திரும்பிப் பார்த்தல் என்பன அவை. நம் மாணவர் பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துவிடுகின்றனர். அந்நான்கனையும் ஐய வினாவையும் இணைத்து, உதவி நாடுமுன் செய்யத்தக்கனவாகப் பின்வருவனவற்றைக் கூறலாம்.

ஒன்று, வினாவைப் பார்த்து அப்படியே எழுதாமல் கொடுக்கப்பட்டது எது, கேட்கப்பட்டது எது என இரு வரியில் எழுதுக. இயற்பியலாயின் படம் ஒன்று வரைந்து விசைகளை அம்புக்குறியால் காட்டுக.

இரண்டு, எந்த வரிவரை உறுதியாகத் தெரியும் என்பதை அறிந்து, அதன்கீழ் ஒரு கோடு இடுக. கோட்டிற்கு மேல் அறிந்தது, கீழே அறியாதது. கேட்க வேண்டியது அக்கோட்டில்தான் இருக்கிறது.

மூன்று, அதே கணக்கை எளிதாக்கிப் பார்க்க. மூன்று பகடைக்குப் பதில் இரண்டு. சாய்தளத்தில் உராய்வை நீக்கிவிட்டு. பெரிய எண்ணுக்குப் பதில் சிறிய எண். எளியது வந்து அரியது வராவிடில், இரண்டிற்கும் இடையில் உள்ளதே உங்கள் ஐயம்.

நான்கு, முயன்று தவறிய வழிகளை அடித்துவிடாமல் வைத்துக்கொள்க. மருத்துவரிடம் செல்வோர் முன்பு உண்ட மருந்தைக் கூறுவது போல, உதவுவோர்க்கு அவை மிகுந்த பயன் தரும்.

ஐந்து, விடை கிடைத்த மறுநாள் ஏட்டைப் பாராமல் அக்கணக்கை மீண்டும் செய்க. செய்ய இயலாவிடில் நீங்கள் பெற்றது உதவியன்று, பொட்டலமே.

முன்னோர் காட்டிய நெறி

ஐயத்தைக் கூர்மையாக்கிக் கேட்டவர்களே அறிவியலை வளர்த்தனர். ஒளியியலில் பெரும்பணி ஆற்றிய இப்னுல் ஹைதம் (கி.பி. 965 – ஏறத்தாழ 1040) எழுதிய நூல்களுள் ஒன்றன் பெயரே 'தாலமியின்மீதான ஐயங்கள்' என்பதாகும். கிரேக்கப் பேரறிஞர் கூற்றைப் பொதுப்பட மறுக்காமல், இன்ன நூலில் இன்ன இடம் இன்ன இடத்தோடு முரண்படுகிறது என்று எடுத்துக்காட்டினார். கோடிட்டுக் காட்டிய ஐயம் என்பது அதுவே.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்னும் சொல்லிலிருந்தே அல்ஜிப்ரா என்னும் பெயர் பிறந்தது. அவர் பெயரே அல்காரிதம் என்றாயிற்று. அந்நூலில் இன்றைய குறியீடுகள் எவையும் இல்லை, முழுவதும் உரைநடையே. சொத்துப் பங்கீடு, வாணிகம், நில அளவை முதலிய தேவைகளுக்காக அதனை எழுதியதாக அவரே கூறுகிறார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்ட 39 வருமாயின் அவ்வெண் யாது என்பது அவர் தரும் புகழ்பெற்ற கணக்கு. அதனைச் சதுரம் வரைந்து விளக்குகிறார். தெரியாத எண்ணைப் பக்கமாக உடைய சதுரம் ஒன்று. பத்து மடங்கை இரண்டாகப் பகுத்து, ஐந்தை அகலமாக உடைய இரு நீள்சதுரங்களை அதன் இரு பக்கத்திலும் ஒட்டுக. மூலையில் ஐந்துக்கு ஐந்து என ஓர் இடம் வெற்றாக இருக்கும். அந்த 25 ஐ நிரப்ப 39 என்பது 64 ஆகும். பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஐந்து போக எஞ்சியது 3. சூத்திரத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவனுக்கு இப்படத்தை ஒருமுறை வரைந்து காட்டினால், அச்சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். அரிய கணக்கில் உதவி என்பது சில சமயம் ஒரு படமே.

நம் மண்ணின் இராமானுசன் (1887–1920) உதவி தேடிய வரலாறும் கருதத்தக்கது. 1911 இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் ஒரு வினாவை வெளியிட்டார். √(1+2√(1+3√(1+4√…))) என முடிவின்றிச் செல்லும் கோவையின் மதிப்பு யாது என்பது அது. விடை வாசகரிடமிருந்து வராமையால் அவரே கூறினார்: 3. மூன்றின் வர்க்கம் 9, அது 1+2×4. நான்கின் வர்க்கம் 16, அது 1+3×5. ஐந்தின் வர்க்கம் 25, அது 1+4×6. இவ்வாறே தொடர்வது காண்க. முடிவின்மையை முறைப்படி நிறுவ இன்னும் சில சொல்ல வேண்டுமாயினும், வாயில் இதுவே. விடை தெரிந்தே கேட்டமையால் இஃது அறிவினா.

1913 சனவரியில் அவர் ஹார்டிக்கு எழுதிய மடலோ வேறு வகை. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர், தாம் கண்ட முடிவுகளைப் பக்கம் பக்கமாக எழுதி இணைத்திருந்தார். அதற்குமுன் கேம்பிரிட்சின் வேறு இரு பேராசிரியர்க்கும் எழுதியிருந்தார். அவர்களால் உதவி கிட்டவில்லை. மூன்றாம் கதவு திறந்தது. இதில் பாடம் இரண்டு. உதவி கேட்டவர் வெறுங்கையோடு செல்லவில்லை என்பது ஒன்று. இரு கதவு மூடியும் மூன்றாவதைத் தட்டினார் என்பது மற்றொன்று. ஒருமுறை சிரித்ததற்கே வாய்மூடிய என் போன்றோர்க்கு இரண்டாவதே உறைக்கிறது.

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் (1931–2015) இராமேசுவரத்தில் சிறுவராக இருந்தபோது, தாய் எழுப்ப விடியற்காலை 4 மணிக்கு எழுந்து நீராடிக் கணித ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்கச் சென்றதைக் கூறியிருக்கிறார். ஆண்டுதோறும் ஐந்து மாணவர்க்குக் கட்டணமின்றிக் கற்பித்தவர் அவ்வாசிரியர். மாணவனின் உழைப்பை மட்டும் கண்டு நாம் மகிழ்கிறோம். அந்நேரத்தில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்த ஆசிரியரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உதவுவோர் கடன்

வினாவை ஆறாக்கிய நன்னூலார் விடையை எட்டாக்கினார். அவற்றுட் சில உதவுவோர்க்கு வழிகாட்டும். இதோ இந்த வரி என்று காட்டுவது சுட்டுவிடை; முழுத் தீர்வினும் இதுவே பல சமயம் மேலானது. நீயே செய்து பார் என்பது ஏவல்விடை. காலம் அறிந்து கூறின் ஊக்கம், அறியாது கூறின் புறக்கணிப்பு. நானும் இவ்விடத்தில் தவறியவனே என்று தனக்கு நேர்ந்ததைக் கூறுவது உற்றதுரைத்தல். இது மாணவனின் கூச்சத்தை நீக்கும். கேட்டதற்கு இனமான வேறொன்றைக் கூறுவது இனமொழி. அதே வகையில் எளிய கணக்கொன்றைத் தருவது இதன்பாற்படும். எனக்குத் தெரியாது என்று ஒளியாது உரைக்கும் மறுப்பும் ஓர் உதவியே. தெரிந்தவரிடம் அழைத்துச் செல்வது அதனினும் பெரிய உதவி.

எல்லாவற்றினும் சிறந்தது வினாவுக்கு எதிர் வினாதல். பன்னிரண்டு சம மின்தடைகளாலான கனசதுரத்தின் எதிரெதிர் மூலைகளுக்கு இடைப்பட்ட தடை யாது என்னும் கணக்கை என் மருகி கொண்டுவந்தாள். எனக்குத் தெரியாது என்று கூறி, இயற்பியல் துறை நண்பரிடம் அழைத்துச் சென்றேன். அவள் கேட்டாள்: "மூலையில் நுழையும் மின்னோட்டம் மூன்று சம பங்காகப் பிரியும் என்று புத்தகத்தில் இருக்கிறது சார். சமம் என்று எப்படித் தெரியும்?" நண்பர் விடை கூறவில்லை. "அந்த மூன்று கம்பிகளில் ஒன்றையாவது மற்றதிலிருந்து வேறுபடுத்திக் காட்ட முடியுமா?" என்றார். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "முடியாது" என்றாள். "மின்னோட்டத்தாலும் முடியாது" என்றார் அவர். எஞ்சியதை அவளே முடித்தாள். மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, மீண்டும் மூன்றில் ஒன்று. கூட்ட ஆறில் ஐந்து. ஒரு தடையின் 5/6 மடங்கு என்பதே விடை.

இன்று வினாவைக் கைப்பேசியில் படம் பிடித்தால் நொடியில் தீர்வு வந்து நிற்கிறது. இதனை வெறுப்பதால் பயனில்லை. அது துணைநூலின் புதிய உருவம். நல்ல ஆசிரியர் கிட்டாதவர்க்குத் துணையும் ஆகும். ஆனால் சில சமயம் பிழையையும் தயக்கமின்றிக் கூறும். ஆதலின் அதனிடமும் ஐயவினாவே கேட்க வேண்டும். "தீர்த்துக் கொடு" என்னாது "என் நான்காம் வரியில் பிழை உண்டா?" எனக் கேட்டு, வரும் விடையை வேறொரு வழியில் சரிபார்ப்பவர்க்கே அது பயன்படும்.

ஊர் செய்யத்தக்கது

ஆசானிடமிருந்து மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வோருடன் பழகுவதால் ஒரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது நன்னூல் பாயிரம் தரும் கருத்து. ஆகவே உதவி பெறுபவனைப் போலவே உதவுபவனும் பயன் பெறுகிறான். இதனை அடிப்படையாகக் கொண்டு சமுதாயப் பெரியோர்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன்.

நம் ஊர்களில் பள்ளிவாசலை ஒட்டியோ நூலகத்திலோ சங்கக் கட்டடத்திலோ ஓர் அறை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அவ்வறையில் விளக்கும் கரும்பலகையும் இருந்தால் போதும். கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயிலும் மாணவர் இருவர் அமரட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து போகட்டும். பெயர் எழுதாமல் ஐயங்களை மட்டும் எழுதிவைக்க ஓர் ஏடு இருக்கட்டும். கூச்சமுடைய பிள்ளைக்கு அவ்வேடே வாயாகும்.

பெண்பிள்ளைகளுக்கு இதே ஏற்பாடு அஸருக்குப் பின் நடைபெறலாம்; கல்லூரி மாணவியர் வழிநடத்தலாம். தெருவிலேயே அறை இருக்குமாயின் மறுகோடிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்க்கும் தயக்கம் நீங்கும். அவர்களது அச்சத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் அந்த அச்சத்தின் விலையைத் தம்பி கொடுப்பதில்லை. அக்காளே கொடுக்கிறாள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இதற்குப் பெரியோர் கணக்கு அறிந்திருக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும்.

நிறைவுரை

கடினமான கணக்கு என்பது இழிவன்று. அதனைக் கேளாது அழிப்பதே இழப்பு. மாணவர்கள் அறியாவினாவை ஐயவினாவாக்கிக் கொண்டு வருக. ஆசிரியர்கள் அவ்வினாவைச் சிரிப்பால் அல்லாமல் எதிர்வினாவால் ஏற்றுக்கொள்க. பெரியோர்கள் இருவரும் சந்திக்க ஓர் அறை தருக. இம்மலரைப் படிக்கும் மாணவ மாணவியர் எவரேனும் தம் ஏட்டில் ஒரு குறைக்குறியை அழிக்கக் கை எடுத்திருப்பின், அழிப்பதற்குமுன் எங்கள் துறைக்கு வரலாம். எங்களுக்கு விடை தெரியாமல் போகலாம். ஆயினும் வினாவை உங்களோடு அமர்ந்து படிப்போம். பின்னர்ப் பக்கத்துக் கட்டடத்திலுள்ள இயற்பியல் துறைக்கு உடன் வருவோம்.